கழுவும் கைகள் அறியவேண்டாமா?

ஆலை மூடப்பட்டது என்று ஏடுகளிலே ஒரு வரிச் செய்தி வரும். அவ்வளவுதான். பொறிகள் ஓய்ந்தன, புகைபோக்கி அடங்கிற்று, வாயிலிலே பூட்டுத் தொங்குகிறது, காவலுக்கு ஒரு கிழவர், அவருக்குத் துணையாக ஒரு நாய். கதை முடிந்தது என்று ஊர் எண்ணிக்கொள்கிறது. முடிந்தது முதலாளியின் கணக்கு! முடிந்தது பங்குதாரரின் ஆதாயம்! தரையிலே ஊறியது முடிந்துவிட்டதா? சுவரிலே படிந்தது முடிந்துவிட்டதா? குழாயின் வளைவிலே, தொட்டியின் அடியிலே, கூரைத் தகட்டின் தூசியிலே தங்கிவிட்டதே, அது முடிந்துவிட்டதா?

ஆலை மூடிய மறுநாள்தான் அங்கே இன்னொரு வேலை தொடங்குகிறது. கழுவும் வேலை. அதற்குத் திறப்புவிழா இல்லை. அமைச்சர் வருகை இல்லை. மாலை இல்லை, மேடை இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆக்கும் வேலைக்குத் தொழில்நுட்பம் என்று பெயர். அகற்றும் வேலைக்குத் துப்புரவு என்று பெயர். முன்னதைச் செய்யப் பட்டம் பெற்றோரைத் தேடுகிறார்கள். பின்னதைச் செய்யப் பட்டினி கிடப்போரைத் தேடுகிறார்கள். இன்ன பொருள், இன்ன கேடு செய்யும் என்ற அறிவு முன்னவரின் அலுவலகப் பேழையிலே பூட்டிக் கிடக்கிறது. பின்னவரின் கையிலே இருப்பதோ துடைப்பம் ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டியிலே வாழும் நமக்கு இது நூலிலே படித்தறிந்த செய்தி அன்று. சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கி வடக்கே செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்திலே நமது ஊர். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் உருவமே மாறிற்று. இரும்பு உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், இரசாயனக் கூடங்கள், ஈயம் உருக்கும் பட்டறைகள் எல்லாம் வந்தன. அவற்றிலே உழைக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். நம் ஊர் முகாமிலே பல்லாண்டாக வாழும் ஈழத்து ஏதிலியர் வீட்டுப் பிள்ளைகளும், பொன்னேரி, பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களோடு தோளுக்குத் தோள் நிற்கின்றனர்.

இரும்பு உலைகளின் உணவு பழைய இரும்பு. தெருவோரக் காயலான் கடையிலே எடைபோட்டு வாங்கும் உடைந்த மிதிவண்டி முதல், துறைமுகத்திலே பெட்டி பெட்டியாக வந்திறங்கும் அயல்நாட்டு உடைசல்வரை அத்தனையும் இங்கே வந்து குவிகின்றன. அந்தக் குவியலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யார் அறிவார்? ஆயுத பூசையன்று உலை வாயிலிலே பூசணிக்காய் உடைக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்துத் தொங்கவிடுகிறார்கள். கண்ணேறு கழியும் என்பது அவர்தம் நம்பிக்கை. கதிர்வீச்சு கழியுமா என்று கேட்டால் நம்மை நாத்திகர் என்பார்கள். ஆம், நாத்திகர்தாம், ஆனால் நாம் கேட்டது ஆத்திகருக்கும் உயிர்காக்கும் கேள்வி அன்றோ!

2010 ஆம் ஆண்டு டெல்லியிலே நடந்ததை இளைஞர்கள் பலர் மறந்திருக்கக்கூடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலே கோபால்ட்-60 அடங்கிய ஆய்வுக் கருவி ஒன்று 1985 முதல் பயன்படாமல் மூலையிலே கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதை ஏலத்திலே விற்றுவிட்டார்கள். பேராசிரியர்களும் அறிவியலாளரும் நிறைந்த பல்கலைக்கழகம். விற்றதோ பழைய இரும்பென்று! வாங்கியவர் மாயாபுரி காயலான் கடைக்காரர். அங்கே தொழிலாளர்கள் அதைப் பிரித்தனர், அறுத்தனர், கையிலெடுத்துப் பார்த்தனர். சில நாட்களிலே தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது, வாந்தி கண்டது. பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஏப்ரல் 26 அன்று ஒருவர் மாண்டார். கோபால்ட்டின் தன்மையை அறிந்தவர்கள் பல்கலைக்கழகத்திலே இருந்தார்கள். அதன் விலையைக் கொடுத்தவர் காயலான் கடையிலே இருந்தார்.

அதற்கு ஈராண்டு முன்பு, 2008 ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டிலே மின்தூக்கிப் பொத்தான்களில் கதிர்வீச்சு இருப்பது கண்டறியப்பட்டது. பொத்தானின் எஃகு இந்தியாவிலிருந்து சென்றது. எங்கோ ஓர் உலையிலே பழைய இரும்போடு கோபால்ட் மூலமும் சேர்ந்து உருகிவிட்டது. பிரான்சிலே பொத்தான்களைத் தேடித் தேடி அகற்றினார்கள். அவற்றைப் பொருத்திய தொழிலாளர்களின் உடலுக்குள்ளான கதிரளவைக் கணக்கிட்டார்கள். நல்லது, செய்யவேண்டியதே. ஆனால் அந்த இரும்பை அகப்பையால் கிளறி உருக்கிய நம் நாட்டு உலைத் தொழிலாளியைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரியைக்கூட நாம் படித்ததில்லை. பொத்தானுக்குக் கிடைத்த கவனிப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் நாம் பேசுவது தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே ஒரு மாடியறையிலே. படிப்பகம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். நாம் ஐவர், ஓய்வுபெற்ற இரயில்வே பொருத்துநர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், ஆலையிலே பணிபுரியும் பொருத்துநர் இருவர், செவிலியர் கல்வி பயிலும் பெண் ஒருத்தி. ஞாயிறு மாலைகளிலே தொழிலாளர் வருவர், ஏடு படிப்பர், விண்ணப்பம் எழுதித் தரச் சொல்வர். சுவரிலே இரு படங்கள் வரைந்துவைத்திருக்கிறோம். ஒன்று, கதிர்வீச்சைக் குறிக்கும் பழைய மூவிதழ்ச் சின்னம். மற்றொன்று, 2007 ஆம் ஆண்டு அனைத்துலக அணுசக்தி முகமை வெளியிட்ட புதிய சின்னம்: சிவப்பு நிறம், மேலே மூவிதழிலிருந்து பாயும் கதிர்கள், கீழே மண்டையோடு, பக்கத்திலே ஓடும் மனிதன். மூவிதழைப் பார்த்த பாமரர்க்கு அது ஏதோ விசிறிபோலத் தோன்றிற்று, பொருள் விளங்கவில்லை. ஆதலால்தான் பல நாட்டு மக்களிடம் காட்டிக் கேட்டு, புதியதை வரைந்தார்கள். படிக்கத் தெரியாதவனுக்கும் 'ஓடு!' என்று சொல்லும் படம். அறிவியல் தன் ஆணவத்தை விட்டு இறங்கிவந்த சிறு நிகழ்ச்சி இது. நமக்கு மிகப் பிடித்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்திலே, அந்தப் படத்தின் கீழே அமர்ந்து ஒரு தம்பி நம்மைக் கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுதவைத்தது. வயது இருபத்துநான்கு இருக்கும். கேஸ் கட்டர் பிடித்து இரும்பு அறுப்பவன். தந்தை அத்திப்பட்டு உப்பளத்திலே உழைத்துத் தேய்ந்தவர். மூடிக் கிடந்த ஈயம் உருக்கும் ஆலை ஒன்றைக் கழுவித் துடைத்து, பொறிகளை அறுத்தெடுக்கும் ஒப்பந்தத்தை யாரோ எடுத்திருந்தார். நாட்கூலிக்கு மேலே இருநூறு ரூபாய் தருவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"அண்ணே, அங்கே என்ன இருந்தது என்று மேஸ்திரியைக் கேட்டேன். 'உனக்கு எதற்கடா அது? கூட இருநூறு வாங்கிக்கொள், கழுவிவிட்டு வா' என்கிறார். சும்மா எவனாவது இருநூறு கூடக் கொடுப்பானா அண்ணே? போகலாமா, வேண்டாமா?"

அந்த இருநூறுதான் அவனுக்கு ஐயத்தை ஊட்டியது! பகுத்தறிவு வேறெங்கே இருக்கிறது, தோழர்களே? அவன் எந்தப் பட்டறிவு நூலும் படித்தவன் அல்லன். சும்மா வரும் பணம் சும்மா வராது என்று அறிந்தவன்.

செவிலியர் கல்வி பயிலும் பெண் அவனுக்கு ஈயத்தைப் பற்றி விளக்கினாள். தூசியாக மூச்சிலே புகும். சோற்றுக் கையோடு வாயிலே புகும். குருதியிலே கலந்து எலும்பிலே குடியேறும். அங்கே பல்லாண்டு தங்கும். வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குப் போனால், அதைத் துவைக்கும் தாயையும் மடியிலே ஏறும் குழந்தையையும் தொடும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

"பார்த்தால் தெரியாதா அக்கா?"

"தெரியாது. குருதியை ஆய்ந்தால்தான் தெரியும்."

சற்றுநேரம் பேசாதிருந்தான். பின்னர் சுவரிலே இருந்த படத்தைக் காட்டினான். "என் மாமன் மகன் கல்பாக்கத்திலே பெயின்ட் அடிக்கும் காண்டிராக்ட் வேலைக்குப் போனான். அணு ஆலையையும் கழுவுவார்களாமே? அங்கே கருவியெல்லாம் இருக்குமே. அங்கேயாவது சொல்லிவிட்டுச் செய்வார்களா?"

கேட்க வேண்டிய கேள்வி! கண்ணுக்குத் தெரியாத நஞ்சுகளிலே தலையானது கதிர்வீச்சு. மணம் இல்லை, சுவை இல்லை, சூடு இல்லை. ஆனால் அளப்பதற்கு அதைப்போல எளியதும் இல்லை. சட்டையிலே குத்திக்கொள்ளும் சிறு வில்லை போதும், எவ்வளவு பட்டது என்று பின்னர் சொல்லிவிடும். அரசின் நேரடிப் பார்வையிலே, அறிஞர் சூழ, பணத்துக்குப் பஞ்சமின்றி நடக்கும் தொழில் அது. அங்கே கழுவுகிறவனுக்கு உண்மை சொல்லப்படுகிறதென்றால், ஈய ஆலை மேஸ்திரியையும் ஒருநாள் சொல்லவைக்கலாம். அங்கேயே சொல்லப்படவில்லையென்றால்?

கல்பாக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே மின்னுலைகள் மட்டும் இல்லை. எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கரைத்துப் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி ஆலையும் உண்டு. பிரித்தபின் எஞ்சும் கழிவைத் தொட்டிகளிலே தேக்கிவைக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள், அந்தக் கழிவுத் தொட்டிப் பகுதியிலிருந்து மாதிரி எடுத்துவரத் தொழிலாளர்கள் சென்றார்கள். எடுக்கச் சென்றது குறைந்த கதிர்வீச்சுள்ள கழிவு. எடுத்துவந்ததோ மிகு கதிர்வீச்சுள்ள கழிவு! வால்வு ஒன்று பழுதுபட்டு, ஒன்று மற்றொன்றிலே கலந்திருந்தது. வால்வு பழுதுபட்டதைச் சொல்ல அங்கே கருவி இல்லை. அந்த இடத்தின் கதிரளவைக் காட்டவும் கருவி இல்லை. மாதிரியை ஆய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் அறுவர், ஆண்டு முழுவதற்கும் வகுத்த எல்லையைப் பல மடங்கு கடந்த கதிர்வீச்சை ஏற்றுவிட்டார்கள்.

இதிலே நாம் ஊன்றி நோக்கவேண்டியது பிறகு நடந்தது. ஊழியர் சங்கம் சில நாட்களிலேயே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிற்று. முழுநேரப் பாதுகாப்பு அதிகாரியை அமர்த்துங்கள் என்பது அதன் கோரிக்கைகளிலே ஒன்று. எண்ணிப் பாருங்கள்! சம்பள உயர்வு கேட்கவில்லை, சலுகை கேட்கவில்லை, தம் உயிரைக் காவல்காக்க ஓர் ஆள் கேட்டார்கள். நாட்டு மக்களுக்கு அச்செய்தி தெரிய அரையாண்டு ஆயிற்று. ஆகஸ்டிலேதான் பாபா அணு ஆராய்ச்சி மையம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவரை காத்த அமைதிக்குப் பெயர் நாட்டுப் பாதுகாப்பு. 1962 ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் மறைப்பதற்கு வழங்கிய அதிகாரம் மிகப் பெரிது. பகைவனுக்குத் தெரியக்கூடாது என்று பூட்டிய கதவு, பக்கத்திலே நிற்கும் தொழிலாளியின் முகத்திலேயே சாத்தப்பட்டது.

"இது ஏழைநாட்டுக் கதை அண்ணே. பணக்காரன் நாட்டிலே எப்படி?" என்று அடுத்த ஞாயிறு வந்து கேட்டான் அத்தம்பி. அவன் அப்போதும் வேலைக்குச் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மேஸ்திரியிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தான்.

பணக்கார நாட்டின் கதை இது. அமெரிக்காவின் மேற்கே வாசிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்போர்டு என்னும் இடம். 1943 ஆம் ஆண்டு அங்கிருந்த உழவர்களையும் பழங்குடியினரையும் வெளியேற்றிவிட்டு, அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் ஆக்கும் ஆலையை எழுப்பினார்கள். 1945 ஆகஸ்ட் 9 ஆம் நாள் நாகசாகியை நீறாக்கிய குண்டின் புளுட்டோனியம் அங்கே ஆனதுதான். பின்னர் ஒன்பது உலைகளாகப் பெருகிற்று. 1987 இல் கடைசி உலையும் நின்றது. ஆக்கிய காலம் நாற்பத்து சொச்சம் ஆண்டு. கழுவும் வேலைக்கான உடன்படிக்கை 1989 இல் எழுதப்பட்டது; கழுவுகிறார்கள், கழுவுகிறார்கள், இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்! மண்ணுக்கடியிலே 177 தொட்டிகள். அவற்றிலே தேங்கியது ஏறத்தாழ 21 கோடி லிட்டர் கழிவு. பல தொட்டிகள் கசிந்து நிலத்தடியிலே இறங்கிவிட்டன. புளுட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 ஆண்டு வேண்டும். நம் சங்க இலக்கியத்தின் வயதைப் பத்து மடங்காக்கினாலும் போதாது.

அங்கே கழுவுகிறவன் நிலை என்ன? தொட்டிகளிலிருந்து ஆவி கிளம்புகிறது. அம்மோனியா முதலாகப் பலநூறு இரசாயனங்கள் கலந்த ஆவி. மூச்சுத் திணறலும் தலைவலியும் மூக்கிலே குருதியும் கண்டதாகத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கிலே முறையிட்டனர். அளந்து பார்த்தோம், எல்லைக்கு உட்பட்டே இருக்கிறது என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. 2014 இல் பலர் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டனர். 2015 இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரும், குழாய்ப் பணியாளர் சங்கமும், ஒரு பொதுநல அமைப்பும் நடுவண் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார்கள். 2018 இல் உடன்பாடு ஏற்பட்டது. முதுகிலே காற்றுருளையைச் சுமந்துகொண்டு, கடலுக்குள் முத்துக்குளிப்பவன்போல, தரைமேல் வேலை செய்யும் நிலை அவர்களுக்கு வந்தது. அந்தச் சுமையைக் கேட்டுப் பெற வழக்குமன்றம் ஏறவேண்டியிருந்தது!

2017 ஆம் ஆண்டிலே இன்னொன்று. புளுட்டோனியத்தை உலோகமாக வார்த்தெடுத்த பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். நீர் தெளித்தார்கள், பசை பூசினார்கள், கருவிகள் வைத்தார்கள். இருந்தும் நுண்துகள் காற்றிலே பரவிற்று. ஜூனிலும் டிசம்பரிலுமாக 42 தொழிலாளர்களின் உடலுக்குள்ளே கதிர்வீச்சுத் துகள் சென்றது பரிசோதனையிலே தெரிந்தது. தொழிலாளர்களின் சொந்த ஊர்திகளின்மீதும் துகள் படிந்திருந்தது. ஈயத் தூசி சட்டையோடு வீட்டுக்குப் போகும் என்று நம் செவிலிப்பெண் சொன்னாளே, அதே கதை; ஊர் வேறு, பொருள் வேறு. இடிக்கும் பணியை நிறுத்திவைத்தார்கள்.

ஆனால் ஹான்போர்டிலே நாம் கற்கவேண்டியது துயரத்தை மட்டும் அன்று. நோய் வந்தால் மெய்ப்பிக்கும் சுமை யார் தலையிலே என்பதிலே அங்கே ஒரு பெரும்போர் நடந்தது. புற்றுநோய் இருபது ஆண்டு கழித்து வரும். எந்த நாள், எந்தத் தொட்டி, எந்த மூச்சு என்று தொழிலாளி எப்படி மெய்ப்பிப்பான்? அளவுக் குறிப்பேடு நிர்வாகத்தின் பேழையில். நோய் மட்டுமே அவன் உடலில்! ஆகவே வாசிங்டன் மாநிலம் 2018 இல் ஒரு சட்டம் செய்தது. ஹான்போர்டிலே ஒரே ஒரு முறை, எட்டுமணி நேரம் பணிபுரிந்தவனுக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தாலும் அது வேலையினால் வந்ததென்றே கொள்ளவேண்டும். இல்லை என்பவன்தான் மெய்ப்பிக்கவேண்டும். சுமையைத் தூக்கி மறுபக்கத்துத் தோளிலே வைத்தார்கள்! நடுவண் அரசு வழக்காடிற்று. 2022 ஜூன் 21 ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அந்த 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதென்றது. நடுவண் அரசின் பணித்தளத்தை மட்டும் தனித்துப் பிரித்து வைத்திருந்தது என்பதே குற்றம். தீர்ப்பு வருமுன்பே, அவ்வாண்டு மார்ச்சிலேயே, மாநிலம் சட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டது. கதிர்வீச்சுக் கழிவைக் கையாளும் எல்லா இடத்துக்கும் பொது என்றாக்கிவிட்டது. ஒரு கதவை அடைத்தால் மறுகதவு. சட்டமன்றம் என்றால் இப்படியன்றோ இருக்கவேண்டும்!

இதைக் கேட்டபோது ஆலைப் பொருத்துநர் ஒருவர் சொன்னார்: "நம் ஊரிலே மெய்ப்பிக்கும் பேச்சே எழாது. அங்கே வேலை செய்தான் என்பதையே மெய்ப்பிக்க முடியாது. மேஸ்திரியின் பாக்கெட் நோட்டிலே பெயர்கூட முழுதாக இராது." உண்மை. ஒப்பந்தக்காரருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே ஆள். ஏணிப்படி முறைதான்! வருணாசிரமத்தை மனுவோடு புதைத்துவிட்டோம் என்று யாரேனும் சொன்னால் ஆலைக் கழிவுத் தொட்டியின் அருகே அழைத்துச் சென்று காட்டுவோம்.

கொடைக்கானலிலே வெப்பமானி செய்த ஆலை நினைவிருக்கிறதா? உடைந்த கண்ணாடி பாதரசத்தோடு மூஞ்சிக்கல்லிலே காயலான் கடை ஒன்றிலே கிடந்தது வெளிப்பட்டு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. மீண்டும் காயலான் கடை! 2003 இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கழிவு கப்பலேற ஈராண்டு போதுமாயிருந்தது. தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்ததோ 2016 மார்ச்சில், பதினைந்து ஆண்டுக்குப் பின். அப்போதும் உடல்நலக் கேட்டை இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதநேயத்தின் பெயரால் கொடுப்பதாகவே கூறிற்று. உரிமையாகக் கேட்டவனுக்கு இரக்கமாகக் கொடுத்தார்கள்.

பிறப்பினால் ஒரு கூட்டத்தைக் கழுவுவதற்கென்றே ஒதுக்கிவைத்த நாடு இது. அந்தப் பழக்கம் ஆலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. கழுவுகிறவனுக்கு அறிவு தேவையில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? மலக்குழிக்குள் இறங்குகிறவனுக்குக் கருவி தேவையில்லை என்ற எண்ணத்திலிருந்து வந்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் மனிதன் கையால் மலம் அள்ளுவதைத் தடுத்தது. 2023 மே மாதத் தொடக்கத்திலே, நம் மாவட்டத்து மீஞ்சூரிலே, ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியிலே இறங்கிய இருவர் நச்சுவளி தாக்கி மாண்டனர். பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் பள்ளியின் தொட்டியில்! அவ்வாண்டு அக்டோபரிலே உச்சநீதிமன்றம் இத்தகைய சாவுக்கான இழப்பீட்டைப் பத்து இலட்சத்திலிருந்து முப்பது இலட்சமாக உயர்த்திற்று. வரவேற்போம். ஆனால் தொட்டிக்குள்ளே வளி இருக்கிறதா என்று மூடியைத் திறந்ததும் காட்டிவிடும் கையடக்கக் கருவிக்கு அதிலே மிகச் சிறு பங்கே ஆகும். இறந்தபின் எண்ணிக் கொடுக்க ஆயத்தமாயிருக்கும் சமுதாயம், இறங்குமுன் அளந்து பார்க்க ஆயத்தமாயில்லை.

நாம் அத்தம்பிக்குப் போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டு அடுப்பு நம் சொல்லால் எரிவதில்லை. ஒரு தாளிலே நான்கு வினாக்களை எழுதிக் கொடுத்தோம். இந்த ஆலையிலே முன்பு என்ன செய்தார்கள்? எஞ்சியிருப்பது என்ன, அதை யார் எப்போது அளந்தார்கள்? வேலைக்கு முன்னும் பின்னும் என் குருதியை யார் ஆய்வார்கள், அந்தத் தாளின் நகல் எனக்கு உண்டா? பத்து ஆண்டு கழித்து நோய் வந்தால், இங்கே நான் வேலை செய்தேன் என்பதற்கு என் கையிலே என்ன இருக்கும்? கீழே ஒரு குறிப்பும் சேர்த்தோம். போபால் கொடுமைக்குப் பின், 1987 இல், தொழிற்சாலைச் சட்டத்திலே தொழிலாளி தன் உடல்நலம், பாதுகாப்புப் பற்றிய செய்தியை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை 111-அ என்ற பிரிவாகச் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்திலே புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் இந்த உரிமை இருக்கிறது. கேட்பது கலகம் அன்று, சட்டம் என்று பெரிய எழுத்திலே எழுதினோம்.

மேஸ்திரி தாளைப் படித்தாராம். "இதெல்லாம் கேட்டால் வேலை நடக்குமா?" என்று சொல்லிவிட்டு மடித்துத் தம் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டாராம். திருப்பித் தரவில்லை. தம்பி வேலைக்குப் போகவில்லை. பன்னிரண்டு நாள் வேறு வேலையும் கிடைக்கவில்லை. அவன் தாயார் படிப்பகத்துக்கே படியேறி வந்துவிட்டார். "நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீங்க சாமி, பன்னிரண்டு நாள் சோறு போச்சு" என்றார். சாமி என்று அழைக்காதீர்கள் அம்மா என்றதைத் தவிர, அவர் கேட்டதற்கு நம்மிடம் விடை ஏதும் இல்லை. ஆசிரியை அவரை உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். துவைக்கும் சட்டை, குழந்தை, ஈயம் என்று அவரிடமும் எடுத்துச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். கூலிக்கு என்ன வழி என்று மறுபடியும் கேட்டார்.

கழுவும் வேலை நின்றுவிடவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த நால்வர் அதைச் செய்து முடித்தனர். முகத்திலே கட்டியிருந்தது தத்தம் துண்டு. ஆலை இன்று வெண்சுண்ணாம்பு பூசி, வாடகைக்கு என்ற பலகையோடு பளபளக்கிறது.

அந்த நால்வரிலே ஒருவன் மூன்று வாரத்துக்கு முன் படிப்பகம் வந்தான். நம் தம்பியே அழைத்து வந்தான். வயிற்றுவலி என்றான், கை விரல்களிலே வலுவில்லை என்றான். குருதியிலே ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லி, எல்லா விவரத்தையும் எழுதி அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. எத்தனை நாள் அங்கே வேலை செய்தாய் என்று கேட்டோம். விரல்விட்டு எண்ணிச் சொன்னான். அதை நாளும் கிழமையும் இட்டு எழுதி, அவன் கைச்சாத்து வாங்கி, உடன் வேலை செய்தவர் மூவரின் கைச்சாத்தும் வாங்கி வைத்திருக்கிறோம். மேஸ்திரியின் நோட்டிலே இல்லாத ஒன்று இப்போது நம் பேழையிலே இருக்கிறது.

நான்கு வினாத் தாளை இந்தியிலே எழுதிவிட்டோம். ஒரிய மொழியிலே எழுத ஆள் வேண்டும். அறிந்த தோழர் எவரேனும் இருப்பின், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் படிப்பகத்துக்கு வரலாம்; நிலையத்தின் மேற்குப் புறம், தேநீர்க் கடைக்கு மேல்மாடி.